இன்னாசியார் பழம்

அன்னாசி இன்னாசியாருடைய பழம் என்று சிலுவையம்மாள் சொன்னபோது, டோரதி தாவரவியல் படிப்பை முடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராயபுரத்தில் இரண்டு குடும்பமும் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம் இருந்தது. டோரதி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் தண்ணீருக்காகக் காத்திருந்தாள். முற்றத்து மூலையில், பாதியாக அறுத்த தார் டிரம்மில் மண் நிரப்பி ஒரு செடி. கத்தி கத்தியாக இலைகள், ஓரமெல்லாம் முள். சிலுவையம்மாள் அதற்கு அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இது இன்னா செடி, சொல்லு பாக்கலாம். காலேஜ்ல படிச்சியே."

"அன்னாசி, அத்தே."

"அது பக்கத்து வூட்டு ராஜாத்திக்குக்கூடத் தெரியும். யாரு பழம், அத்த சொல்லு."

டோரதிக்குக் கேள்வி விளங்கவில்லை. "யாரு பழம்னா?"

"இன்னாசியாரு பழம். பேர்லயே கீது பாரு. இன்னாசி, அன்னாசி."

பெரியவர்கள் பேச்சை மறுத்துப் பேசுகிற பழக்கம் டோரதிக்கு இல்லை. அன்று படித்த சூடு ஆறாமல் இருந்தது போலிருக்கிறது.

"இல்ல அத்தே. இது தென் அமெரிக்காப் பழம். அங்க இருந்த ஜனங்க அத நானான்னு சொல்லுவாங்களாம். போர்த்துக்கீசுக்காரங்க அனனாஸ்னு ஆக்கினாங்க. நாம அன்னாசின்னு ஆக்கிட்டோம். அந்தப் பேருக்கும் புனித இன்னாசியாருக்கும் சம்பந்தம் இல்ல."

"போர்த்துக்கீசுக்காரன் எதுல வந்தான்?"

"கப்பல்ல."

"இன்னாசியாரு ஆரம்பிச்ச சபைச் சாமியாருங்க எதுல வந்தாங்க?"

"அவங்களும் அந்தக் கப்பல்லதான்."

"பழம்?"

"அதுவும்தான்."

"அப்பால இன்னா?"

டோரதி சிரித்துவிட்டாள். சிலுவையம்மாள் சிரிக்கவில்லை. வாளியைத் தரையில் வைத்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரி, இத்த சொல்லு. இன்னாசியாரு அன்னாசி சாப்ட்ருப்பாரா?"

டோரதி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கொலம்பஸ் ஒரு தீவில் இறங்கி இந்தப் பழத்தைப் பார்த்த வருஷம், ஸ்பெயின் தேசத்தில் இன்னாசியார் இரண்டு வயதுக் குழந்தை. அவர் வளர்ந்து ஆளானபோது ராஜாக்கள் வீட்டுக்கு ஒன்றிரண்டு பழம் கப்பலில் வந்து சேர்ந்திருக்கிறது.

"சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடாமலும் இருந்திருக்கலாம். தெரியாது, அத்தே."

"உனுக்கே தெர்லல்ல. அப்போ நான் சொல்றதுதான்."

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் செடியின் பின்னால் ஒரு வேண்டுதல் இருந்தது. அறுபத்தாறாம் வருஷம் சிலுவையம்மாளின் ஒரே மகள் லூர்து விஷஜுரத்தில் விழுந்தாள். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்ட மாதிரிதான் பேசினார்கள். யாரோ பார்க்க வந்தவர்கள் ஒரு அன்னாசிப் பழத்தைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பிட ஆளில்லாமல் அது கிடந்தது. சிலுவையம்மாள் அந்தப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேரே பங்குக் கோயிலுக்குப் போய் இன்னாசியார் சுரூபத்தின் முன்னால் முட்டி போட்டாள். அவள் புருஷன் பெயரும் இன்னாசி. அந்த வீட்டுக்கே அந்தப் புனிதர்தான் காவல். "எம் பொண்ணக் குடுத்துடு. உன் பழத்தோட கொண்டைய நட்டு, என் கையால வளத்து, மொதப் பழத்த உன் திருநாளுக்கு உன் காலடில வெக்கிறேன். அது வரைக்கும் என் வூட்ல ஒரு நல்லதும் நடத்த மாட்டேன்" என்றாள்.

லூர்து பிழைத்தாள். கொண்டையை நட்டார்கள். அது வேர்விட்டு, இலைவிட்டு, டிரம் நிறையப் பரவியது. பக்கக் கன்றுகூட விட்டது. பூ மட்டும் விடவில்லை.

சிலுவையம்மாளைத் தெரிந்தவர்களுக்கு அந்த வேண்டுதலின் பாரம் புரியும். துறைமுகக் கிடங்கில் சாக்கு தைக்கிற வேலை அவளுக்கு. கிழிந்து வருகிற தானிய மூட்டைகளைக் கோணி ஊசியால் தைத்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் இரண்டு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். இவள் நடுவில் ஒரு தையல் தவறியது தெரிந்தால் முழுவதையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தைப்பாள். லாரிக்காரன் கத்துவான், மேஸ்திரி கத்துவான். காதில் வாங்க மாட்டாள். கூட வேலை செய்தவர்கள் அவளைப் போலீசு என்று கூப்பிட்டார்கள். அப்படி ஒருத்தி, வாயால் சொன்ன வார்த்தையில் ஒரு எழுத்தை விடுவாளா?

அதில் மாட்டிக்கொண்டது லூர்துவின் கல்யாணம்.

மீஞ்சூர் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் தவசிமுத்து என்ற பையனுக்கு லூர்துவைக் கேட்டிருந்தார்கள். பையனுக்கும் பிடித்திருந்தது, லூர்துவுக்கும் பிடித்திருந்தது. அவன் அம்மா ஆலிஸ் நல்ல மாதிரிதான். ஆனாலும் ஒரு செடி பூக்கட்டும் என்று எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்? எழுபதாம் வருஷம் பிறந்ததும் ஆலிஸ் வந்து, மாதா பிறந்த நாளுக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் பழவேற்காட்டில் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகத் தன்மையாகவே சொல்லிவிட்டுப் போனாள். மாதா பிறந்த நாள் செப்டம்பரில். இன்னாசியார் திருநாள் ஜூலைக் கடைசியில். அதைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு வருஷம் தள்ளி.

பக்கத்து வீட்டு ராஜாத்தி குழாயடியில் சும்மா இருக்க மாட்டாள். "இன்னா சிலுவை, உன் மாப்ள இன்னும் மொளைக்கலியா?" என்பாள். லூர்து குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் லூர்து டோரதியிடம் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சின்ன வயசிலிருந்து சிநேகிதம். "எங்கம்மா எனுக்காகதான் வேண்டிக்கிச்சு. அத்த நான் கொற சொன்னா நாக்கு அழுவிடும். ஆனா அது எப்போ பூக்கும், டோரதி? அத்தையாச்சும் சொல்லேன்."

அது டோரதியின் பாடத்தில் வரவில்லை. மறுநாள் பழைய கல்லூரியின் நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகங்களை எடுத்துப் படித்தாள். இரவு குளிர்ந்து, பகல் சுருங்கினால் அன்னாசி பூக்கும் என்று போட்டிருந்தது. கடலோரத்து ராயபுரத்தில் மார்கழி இரவே புழுங்கும். செடி எந்தக் குளிரைக் கண்டது? இன்னொரு புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. போர்த்துக்கீசியருக்குச் சொந்தமான தீவுகளில், போன நூற்றாண்டில், கண்ணாடிக் கொட்டகைக்குள் அன்னாசி வளர்த்திருக்கிறார்கள். ஒரு தரம் கொட்டகைக்குள் தவறிப்போய் நெருப்புப் பிடித்து, புகை சூழ்ந்துவிட்டது. செடியெல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் அத்தனை செடியும் ஒன்றாகப் பூத்ததாம். புகையில் இருக்கிற ஒரு வாயுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அதே வேலையை அசிடிலின் வாயுவும் செய்யும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தது.

புகை என்றால் குப்பை எரிக்கிற மேட்டுக்குப் போனால் வேண்டிய மட்டும் இருக்கிறது. டிரம்மை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியுமா? டோரதி லூர்துவின் அப்பா இன்னாசி மாமாவிடம் தயங்கித் தயங்கி அசிடிலினைப் பற்றிச் சொன்னாள். அவர் கப்பல் ரிப்பேர் பட்டறையில் கேஸ் வெல்டர். கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு வாயு எடுத்து, அந்தத் தீயில் இரும்பை ஒட்டுவதுதான் அவர் பிழைப்பு.

"அசிடிலினா?" என்று அவர் சிரித்தார். "நாள் பூரா அத்ததாம்மா மூஞ்சில வாங்கிகினு கீறேன். நான் இன்னும் பூக்கலியே."

"கொஞ்சம்தான் வேணும், மாமா. மொளகு அளவு. அதிகமாப் போனா செடி கருகிடும்."

"இத்த சிலுவ கைல சொல்லிட்டா செய்யறது?"

"சொல்லிட்டுச் செய்யலாமே."

"சொன்னா நடக்காது. உனுக்கு அவளத் தெரியாது." அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எம் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியலம்மா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிலுவையம்மாள் மாதா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வெயில் தாழ்ந்ததும் மாமா பழைய புகையிலை டப்பாவிலிருந்து சாம்பல் நிறக் கல்துண்டு ஒன்றை எடுத்தார். செடியின் நடுக்குருத்தில் இலைகள் கிண்ணம் மாதிரி கூடியிருந்த இடத்தில் டோரதி தண்ணீர் விட்டாள். கல் விழுந்ததும் சீறிக்கொண்டு நுரைத்தது. பூண்டு அழுகிய மாதிரி ஒரு நாற்றம். டோரதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதுதாம்மா என் அத்தர்" என்றார் மாமா.

மறுநாள் காலை அரிசித் தண்ணீரோடு வந்த சிலுவையம்மாள் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். குருத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

"யோவ், இங்க வா. செடி வாயில பூண்டு நாத்தம் வருது."

மாமா பல் துலக்கிக்கொண்டே வந்தார். "முந்தாநேத்து கருவாட்டுக் கொழம்புக்குப் பூண்டு உரிச்சல்ல? அந்தக் கையோட தொட்ருப்ப."

"கையி என்னுதுதான். நாத்தம் உன் சட்டையோடது. இத்தினி வருசமா தொவைக்கிறேன், எனுக்குத் தெரியாதா? இன்னா பண்ணே?"

மாமா வாயைக் கொப்பளிக்க ஆரம்பித்தார். கொப்பளித்து முடிகிற மாதிரி இல்லை. குழாயடியில் நின்றிருந்த டோரதிக்குக் காது சுட்டது. குடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிட்டே போனாள்.

"அத்தே, அவரு இல்ல. நான்தான் சொன்னேன்."

"அடிப்பாவி" என்றாள் ராஜாத்தி. "வாயத் தொறக்காத பொண்ணு பண்ற வேலையப் பாத்தியா?"

"நீ கம்முனு இரு, ராஜாத்தி." சிலுவையம்மாள் டோரதியை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா வெச்சீங்க?"

டோரதி சொன்னாள். தீவு, கொட்டகை, புகை, வாயு எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

"அப்போ இது பூத்துப் பழம் வெச்சா, அது யாரு குடுத்தது? செடியா, உங்க கல்லா?"

"செடிதான், அத்தே. கல்லு எழுப்பி விடும், அவ்வளவுதான். பூக்கறதும் பழுக்கறதும் செடியோட வேல."

"தூங்கறவன எழுப்பலாம். இது தூங்குச்சா? இல்ல, வேணாம்னு குந்திகினு இருந்துச்சா?"

சிலுவையம்மாள் கையிலிருந்த தண்ணீரை வேரில் ஊற்றினாள். குருத்தில் ஒரு சொட்டுப் படாமல் ஊற்றினாள். உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க மாமாவுக்குச் சோறு போட்டாள், பேச்சு மட்டும் போடவில்லை.

மார்ச் மாதம் குருத்துக்குள் சிவப்பாக ஒன்று தெரிந்தது. லூர்துதான் முதலில் பார்த்தாள். பத்து நாளில் அது உருண்டு மேலே வந்தது. பிறகு அடியிலிருந்து சுற்றுச் சுற்றாக ஊதாப் பூக்கள் விரிய ஆரம்பித்தன. ஒரு நாளைக்குச் சில, மறுநாளைக்கு வேறு சில. லைன் வீடுகளில் இருந்தவர்களெல்லாம் வந்து பார்த்தார்கள். "சிலுவை, உன் மாப்ள மொளச்சிட்டான்டி. ஜோரா கீறான்" என்றாள் ராஜாத்தி. அவள் குரலில் கேலியைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

சிலுவையம்மாள் கூட்டம் கலைந்த பிறகு வந்து டிரம் பக்கத்தில் குந்தினாள். டோரதியைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். கல் வைத்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் அழைப்பு.

"ஒரு பழத்துக்கு எதுக்கு இத்தினி பூவு?"

"இது ஒரு பழம் இல்ல, அத்தே. ஒவ்வொரு பூவும் ஒரு குட்டிப் பழம் ஆகும். எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒண்ணாத் தெரியுது. பழத்து மேல கண்ணு கண்ணா இருக்கே, அது ஒவ்வொண்ணும் ஒரு பூ இருந்த எடம்."

சிலுவையம்மாள் ஒரு பூவின் அடியைச் சுண்டுவிரலால் தொட்டாள். "தையல் நல்லாகீது" என்றாள்.

பழம் வளர்ந்தது. அதை நேர்ச்சைக்கு எடுப்பாளா என்று கேட்க வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. கிடங்குக்குப் போனாள், வந்தாள், தண்ணீர் ஊற்றினாள். ஒருநாள் பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொல்லி, இது செல்லுமா என்று கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, கடைப் பழம் வைத்தாலே கடவுள் ஏற்றுக்கொள்வார், நீ இவ்வளவு யோசிக்காதே அம்மா என்று சொல்லியனுப்பினார். மாமா அந்தச் சேதியை டோரதி வீட்டுக்கே ஓடிவந்து சொன்னார். "முடிஞ்சுதும்மா. சாமியாரே சொல்ட்டாரு."

முடியவில்லை. அன்று மாலையே லூர்து வந்து அம்மா சொன்னதைச் சொன்னாள். "நான் சாமியாரு கைலயா வேண்டிகினேன்? இன்னாசியாரு கைல வேண்டிகினேன். அவருக்குப் பதிலா இவரு எப்படிச் சரின்னு சொல்ல முடியும்னு கேக்குது."

ஜூலை நடுவில் ஆலிஸ் வந்தாள். பழம் முழு வளர்த்தி வந்திருந்தது. நிறம் மட்டும் மாறவில்லை. "பறிச்சு வைக்கோல்ல பொதிச்சு வெச்சா ரெண்டு நாள்ல பழுத்துடும், சம்பந்தி. மாம்பழம் அப்படித்தானே வெக்கிறோம்" என்றாள். ஆலிஸ் சம்பந்தி என்று சொன்னதே லூர்துவுக்குப் போதுமாக இருந்தது.

"இது மாம்பழம் இல்ல. பறிச்சா நெறம் மாறும், இனிப்பு ஏறாது. செடிலயே பழுக்கணும்" என்றாள் சிலுவையம்மாள். "டோரதி சொல்லிகீது."

டோரதி அதைச் சொன்னது எப்போதோ, வேறு யாரிடமோ. சிலுவையம்மாள் அதைக் காதில் போட்டு வைத்திருந்தாள் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் ஆலிஸ் தேதி கேட்டபோது சிலுவையம்மாள் அடுப்படிக்கு எழுந்து போனாள். காப்பி கொடுத்து அனுப்பினாள். ஆலிஸ் போகும்போது தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாதா பொறந்த நாளு, மறந்துடாதீங்க" என்றாள்.

பழம் அடியிலிருந்து மஞ்சளாக ஆரம்பித்தது. வாசனை முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. காக்காய் கொத்தாமல் இருக்கச் சிலுவையம்மாள் ஒரு கோணிப் பையைத் தைத்து மூடி வைத்தாள். எதற்காகக் காக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. லூர்து சரியாகச் சாப்பிடவில்லை.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம், டோரதி பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அந்த ஜூன் மாதம்தான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. வாசலில் நிழல் தெரிந்தது. சிலுவையம்மாள். இத்தனை வருஷத்தில் அவள் டோரதி வீட்டு வாசலுக்கு வந்ததில்லை. பேசுவதெல்லாம் முற்றத்தோடு சரி. வெள்ளைச் சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டிருந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"பழத்தப் பறிச்சிட்டேன்" என்றாள்.

டோரதி எழுந்து நின்றாள். "கோயிலுக்கா, அத்தே?"

"அதான் பேச வந்தேன். என் கையால வளத்துக் கொண்டாறேன்னு சொன்னேன். வளத்தது நான்தான். ஆனா நடுவுல உங்க கையும் பட்டுகீது. அத்த மறைச்சு வெச்சுகினு நான் மட்டும் போயி வெச்சா, பிரிஞ்ச தையல உள்ள தள்ளி மூட்டைய அனுப்புன மாரி ஆய்டும். அதுக்குன்னு எம் பொண்ண இன்னொரு வருசம் குந்த வெக்கவும் எனுக்கு மனசு இல்ல. ரொம்ப நாளா யோசிச்சேன். இதுல மூணு பேரு கீறோம். மூணு பேரும் அவரு கைல போய்ச் சொல்லிடணும், அவ்ளோதான்."

"மாமா?"

"அவரு காத்தாலயே போய் முட்டி போட்டுச் சொல்லிட்டு வந்துட்டாரு. நான் கல்லு போட்டேன் சாமி, பொண்ணுக்காகப் போட்டேன்னு. சத்தமா வேற. கோயிலக் கூட்டிகினு இருந்தவன் திரும்பிப் பாத்தானாம்." அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "நான் நாளைக்கிச் சொல்லுவேன். ஆனா அந்தக் கல்லு உள்ள போயி இன்னா பண்ணுச்சி, செடி எப்படி முழிச்சுகினுச்சி, அந்தத் தீவு கத, புகை கத, அதெல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் சொல்ல வரல. நானும் சொல்லிப் பாத்தேன். பாதில நின்னுடுது."

டோரதிக்குப் புரிந்துவிட்டது. திருநாள் கூட்டத்தில், இன்னாசியார் பீடத்தின் முன்னால், பழத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சிலுவையம்மாள் பக்கத்தில், பங்கு ஜனங்களெல்லாம் பார்க்க வாயைத் திறக்க வேண்டும். டோரதி கையிலிருந்த சிவப்பு மைப் பேனாவுக்கு மூடியைத் தேடினாள்.

சிலுவையம்மாள் முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"காலப் பூசைக்கு எங்கூட வாம்மா. எம் பக்கத்துல முட்டி போட்டு, நீ செஞ்சத நீயே அவருக்குச் சொல்லு. இங்கிலீசு வேணாம், எனுக்கும் புரியறாப்ல தமிழ்லயே சொல்லு. நீ சொல்லி முடிச்சா, சாமியாரப் பாத்து வர்ற ஞாயித்துக்கெயமையே லூர்து கல்யாணத்துக்குக் கோயில்ல மொத ஓலை வாசிக்கச் சொல்லிடுறேன்."